சிறிய வீட்டில் ஒரு நாய்க்குட்டி: பழக்க வேண்டியது யாரை?

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முற்றமும் கிணற்றடியும் கொண்ட வீடுகளின் இடத்தைத் தொடர்மாடிகள் பிடித்துக்கொண்டு நெடுங்காலமாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் வாழும் எம்மவருள் பலர், வேலியடைத்த வளவுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். இன்று அவர்களது பிள்ளைகள் இரண்டு அறைகளும் ஒரு சிறு பல்கனியும் கொண்ட வீடுகளில் வளர்கின்றனர். வளவில் நாய் வளர்த்த காலத்தில் அதற்கு மலசலப் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. வேலியோரமோ வாழையடியோ தனக்குரிய இடத்தை அது தானே தேடிக்கொண்டது. தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அவ்வாறான வேலியோரம் இல்லை. ஆனால் நாய்க்குட்டியின் மீது பிள்ளைகளுக்குள்ள ஆசை மட்டும் மாறவில்லை.

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததை இங்கு குறிப்பிடலாம். மகள் பரீட்சையில் சித்தியடைந்ததற்காகத் தந்தையார் இரண்டு மாதக் குட்டியொன்றை வாங்கி வந்தார். முதல் வாரம் வீடே கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாம் வாரத்தில் கதிரையின் கீழும் கட்டிலின் ஓரத்திலும் சிறுநீர் நாற்றம் எழத் தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் தாயார் நாளொன்றுக்கு ஆறேழு தடவைகள் நிலம் துடைத்தார். வேலையால் வந்த தந்தையார் குட்டியை இழுத்து வந்து, அது அசுத்தப்படுத்திய இடத்தில் அதன் மூக்கைத் தேய்த்து அடித்தார். நான்காம் வாரத்தில் மாடிப்படியில் அது சிறுநீர் கழித்துவிட, கீழ் வீட்டாருடன் மனஸ்தாபம் ஏற்பட்டது. “எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்ற பேச்சு அன்றிரவு அவ்வீட்டில் எழுந்தது.

சந்தைகளுக்கு அருகிலும் வணக்கத்தலங்களின் வாயில்களிலும் கைவிடப்படும் குட்டிகள் பலவற்றின் பின்னால் இத்தகைய ஒரு நான்காம் வாரம் இருக்கிறது. குட்டி குரைத்தது, கடித்தது, செலவு கூடியது என்று பல காரணங்கள் கூறப்படலாம். சிறிய வீடுகளைப் பொறுத்தவரை முதற் காரணமாக அமைவது பெரும்பாலும் மலசலப் பிரச்சினையே. சரியான முறையில் முயன்றால் சில மாதங்களில் தீர்ந்துவிடக் கூடிய ஒரு பிரச்சினைக்காக ஓர் உயிர் தெருவில் விடப்படுகின்றது என்பது வேதனைக்குரியது. ஆகவே, நாய்க்குட்டி ஏன் வீட்டை அசுத்தப்படுத்துகின்றது, அதனை எவ்வாறு பழக்குவது என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

குட்டியின் உடலும் வயதும்

பிறந்த குட்டிக்குத் தானாக மலசலம் கழிக்க இயலாது. தாய் நாய் நாவினால் நக்கித் தூண்டிவிடும்போதே அது கழிக்கின்றது. கழிவைத் தாயே உட்கொண்டு படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்கின்றது. ஏறத்தாழ மூன்று வார வயதில் குட்டி தள்ளாடியவாறு படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்கும். உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அசுத்தப்படுத்தாமலிருக்கும் இந்த இயல்பு எவரும் கற்பிக்காமலே வருவது. பழக்குதல் முழுவதும் இந்த அத்திவாரத்தின் மீதே கட்டப்படுகின்றது.

இரண்டு மாத வயதை அண்மித்த காலத்தில் குட்டிக்கு மற்றொரு விருப்பமும் உறுதிப்படுகின்றது. எத்தகைய பரப்பில் கழிப்பது என்பதே அது. மணலில் பழகிய குட்டி மணலையும், புல்லில் பழகிய குட்டி புல்லையும், கடதாசியில் பழகிய குட்டி கடதாசியையும் பாதங்களால் உணர்ந்து தேடும். சீமெந்துத் தரைகொண்ட கூட்டில் அடைபட்டு வளர்ந்த குட்டியைப் பழக்குவது சற்றுக் கடினமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதற்கு உங்கள் வீட்டுத் தரையும் அந்தச் சீமெந்தும் ஒன்றாகவே தோன்றும். எனவே குட்டியை வாங்கும்போது அது எங்கே வளர்ந்தது, எதன் மீது கழித்துப் பழகியது என்று கேட்டறிந்துகொள்வது நல்லது.

சிறுநீரை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் வயதோடுதான் வருகின்றது. குட்டியின் வயதை மாதங்களில் எண்ணி அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலங்களே அது அடக்கக்கூடிய உச்ச எல்லை என்பது பொதுவான கணக்கு. அதன்படி இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம் எனலாம். அதுவும் உறக்கத்தில் மட்டுமே. விழித்து ஓடித்திரியும் வேளையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் அதற்குத் தேவை ஏற்படலாம். உருவத்தில் சிறிய இனங்களுக்கு இக்கால எல்லை மேலும் குறைவு. நான்கு தொடக்கம் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் ஓரளவு கட்டுப்பாட்டைப் பெற்றுவிடுகின்றன. முழு நம்பிக்கை வைப்பதற்குச் சிலவற்றுக்கு ஒரு வருடம்கூடச் செல்லலாம். இரண்டு மாதக் குட்டி நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது, தவழும் குழந்தை மலசலகூடத்துக்குத் தானே செல்ல வேண்டுமென எதிர்பார்ப்பதற்கு ஒப்பானது.

சிறிய வீடு தடையா?

இடம் போதாது என்பதே தொடர்மாடிவாசிகளின் பொதுவான முறைப்பாடு. உண்மையில் பழக்குவதைப் பொறுத்தவரை சிறிய வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய வீட்டில் குட்டி ஏதோவோர் அறையின் மூலைக்குச் சென்று கழித்துவிட்டு வந்தால் எவருக்கும் தெரியாது. இரண்டு அறை வீட்டில் அது கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருக்கும். கண்காணிப்பே பழக்குதலின் பாதி என்பதால், இது சிறிய வீட்டுக்குள்ள பெரும் அனுகூலமாகும்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கின்றது. குட்டிக்குத் தேவை ஏற்பட்ட கணத்துக்கும் அது கழிப்பதற்கும் இடையில் கிடைக்கும் நேரம் அரை நிமிடமாகவும் இருக்கலாம். அதற்குள் மூன்று மாடிகள் இறங்கி வெளியே செல்ல இயலாது. மின்தூக்கிக்காகக் காத்திருக்கவும் இயலாது.

இத்துடன் சுகாதாரம் சார்ந்த ஓர் இக்கட்டும் உண்டு. குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் கொடியது. கடும் வாந்தியையும் இரத்தம் கலந்த வயிற்றோட்டத்தையும் உண்டாக்கி, சிகிச்சை தாமதித்தால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். நோயுற்ற நாயின் மலத்தின் மூலம் பரவும் இவ்வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் அழியாதிருக்க வல்லது. இதற்கான தடுப்பூசி ஆறு தொடக்கம் எட்டு வார வயதில் ஆரம்பிக்கப்பட்டு, சில வார இடைவெளிகளில் ஏறத்தாழ பதினாறு வார வயது வரை மீண்டும் மீண்டும் ஏற்றப்படுகின்றது. அதுவரை தெருநாய்கள் நடமாடும் வீதியோரத்தில் குட்டியை இறக்கிவிடுவது ஆபத்தானது. ஆனால் மலசலப் பழக்கத்தைக் கற்பிக்க மிக உகந்த காலமும் அதே காலம்தான்.

இந்த இரண்டு சிரமங்களுக்கும் ஒரே தீர்வு, வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தைக் குட்டிக்கென ஒதுக்குவதாகும். பல்கனி இருப்பின் அதன் ஒரு மூலை மிகப் பொருத்தமானது. கம்பிகளுக்கிடையே குட்டி நுழைந்து விழாதவாறு வலையடிப்பது மட்டும் அவசியம். பல்கனி இல்லாதவர்கள் சமையலறையில் இருந்தும் படுக்கையிலிருந்தும் விலகிய, எளிதில் கழுவக்கூடிய ஓர் ஓரத்தைத் தெரிவுசெய்யலாம். குளியலறையைப் பலரும் நாடுவதுண்டு. ஆனால் அதன் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. குடும்பத்தினர் கால் கழுவவும் குளிக்கவும் பயன்படுத்தும் ஈரத்தரையில் நாயின் கழிவு கலப்பதும் உகந்ததன்று.

தெரிவுசெய்த இடத்தில் அகன்ற பிளாஸ்திக் தட்டொன்றை வைத்து, அதில் மணலையோ தென்னந் தும்புத்தூளையோ வேரோடு பெயர்த்த புல்லையோ இடலாம். பின்னர் வெளியே சென்று கழிக்கப் பழக்கும் எண்ணம் உள்ளவர்களுக்குப் புல்லும் மணலுமே சிறந்தவை. பாதம் உணர்ந்த பரப்பையே குட்டி வெளியிலும் தேடிக்கொள்ளும். பழைய பத்திரிகைகளை விரிப்பது செலவற்ற வழி. ஆனால் கடதாசியில் பழகிய குட்டிக்கு நேற்றைய பத்திரிகைக்கும் நீங்கள் இன்னும் வாசிக்காமல் தரையில் வைத்த இன்றைய பத்திரிகைக்கும் வேறுபாடு தெரியாது என்பதை நினைவிற்கொள்வது நல்லது. எதனைத் தெரிவுசெய்தாலும் அதனை வாரத்துக்கொரு முறை மாற்றாதிருக்க வேண்டும். ஒரே இடம், ஒரே பரப்பு என்பதே முதல் விதி.

மணிக்கூட்டைப் பார்த்து நடத்தல்

குட்டி எப்போது கழிக்கும் என்பதைப் பெருமளவுக்கு முன்கூட்டியே கூறிவிடலாம். உறங்கி எழுந்தவுடன், உணவுண்டு ஐந்து தொடக்கம் முப்பது நிமிடங்களுக்குள், தண்ணீர் குடித்துச் சற்று நேரத்தில், விளையாடிக்கொண்டிருக்கும்போது அல்லது விளையாடி முடிந்ததும், இரவு படுக்கைக்குச் செல்லுமுன் என்ற ஐந்து வேளைகளும் முக்கியமானவை. இவ்வேளைகளில் குட்டி கேட்கும்வரை காத்திராமல் நாமே அதனை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைகளில் தூக்கிச் செல்வதே பாதுகாப்பானது. நடத்திச் சென்றால் வழியிலேயே காரியம் முடிந்துவிடக்கூடும்.

உணவை நாள் முழுவதும் தட்டில் வைத்திருக்கும் வழக்கம் இங்கு பெரும் தடையாகிவிடுகின்றது. எந்நேரமும் உண்ணும் குட்டி எந்நேரமும் கழிக்கும். இரண்டு, மூன்று மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை குறித்த நேரத்தில் உணவிட்டு, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டால், அது கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வந்துவிடும். இரவு உணவை உறங்குவதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் கொடுத்துவிடலாம். தண்ணீரை மட்டும் பகலில் ஒருபோதும் மறுக்கலாகாது. எமது வெப்பமான காலநிலையில் அது குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

காலை ஐந்தரை மணிக்கு எழுந்தவுடன் முதல் தடவை, காலை உணவின் பின் மற்றொரு தடவை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுமுன் ஒரு தடவை, முற்பகல் உறக்கம் கலைந்ததும் ஒரு தடவை என நாளைப் பிரித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது சிறந்த வழி. யார் எந்த வேளைக்குப் பொறுப்பு என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். எல்லோருடைய பொறுப்பாகவும் விடப்படும் வேலை இறுதியில் தாயாரின் தலையிலேயே விழும் என்பது நாமறிந்ததே. முதல் சில வாரங்களுக்கு இரவிலும் ஒரு தடவையேனும் எழும்ப வேண்டியிருக்கும். அவ்வேளையில் விளக்கைப் போட்டு விளையாட்டுக் காட்டாமல், அமைதியாகக் கொண்டுசென்று அமைதியாகப் படுக்கைக்குத் திருப்பிவிட வேண்டும்.

உரிய இடத்தில் விட்டதும் குட்டி உடனே கழிக்காமல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடங்கள் பேசாமல் நின்று பார்க்கலாம். கழிக்காவிடின் வீட்டுக்குள் கட்டவிழ்த்து விடாமல் மடியிலோ அருகிலோ வைத்திருந்து, பத்து நிமிடங்களில் மீண்டும் கொண்டுசெல்ல வேண்டும். கழிக்கத் தொடங்கும்போது ஏதாவது ஒரு சொல்லை மென்மையாகச் சொல்லிவந்தால், சில வாரங்களில் அச்சொல்லே அதற்குக் குறிப்பாகிவிடும். மழைநாளில் மூன்று மாடி இறங்கி வந்து நிற்பவருக்கு இச்சொல்லின் அருமை நன்கு விளங்கும்.

கண்ணுக்குள் வைத்திருத்தல்

இவ்வேளைகளுக்கு இடையில் குட்டியின் அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். விளையாட்டைத் திடீரென நிறுத்துதல், தரையை முகர்ந்து வட்டமிடுதல், முன்னர் கழித்த மூலைக்குச் செல்லுதல், கதவருகே நின்று முனகுதல் ஆகியன பொதுவானவை. இவற்றைக் காண வேண்டுமாயின் குட்டி எம் கண்முன்னே இருக்க வேண்டும். மெல்லிய வாரொன்றை அதன் கழுத்துப் பட்டியில் மாட்டி, மறுமுனையை நாம் இருக்கும் கதிரையில் கட்டிவைப்பது எளிய வழி. படுக்கையறைக் கதவுகளை மூடிவைப்பதும் கால்மிதி, கம்பளம், தொழுகை விரிப்பு போன்ற மென்மையான துணிப் பரப்புகளைச் சில காலத்துக்கு எடுத்துவைப்பதும் அவசியம். ஈரத்தை உறிஞ்சும் மென்மையான பரப்பு குட்டிக்குப் புல்லைப் போலவே தோன்றும்.

எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. அவ்வேளைகளுக்குச் சிறு கூடொன்று உதவும். குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் போதிய அளவில் அது இருந்தால் போதும். மிகப் பெரிதாயின் ஒரு மூலையில் உறங்கி மறு மூலையில் கழித்துவிடும். கூடு குட்டிக்கு உறங்கும் இடமாகவும் ஆறுதலான ஒதுக்கிடமாகவும் அமைய வேண்டும். தண்டனையாக அதனுள் அடைப்பதும் மணிக்கணக்கில் பூட்டிவைப்பதும் கொடுமையாகும். அடக்க முடியாமல் தன் படுக்கையிலேயே கழிக்க நேர்ந்த குட்டி, இயற்கை அதற்கு அளித்த சுத்த உணர்வை இழந்துவிடும். அதன்பின் பழக்குவது பன்மடங்கு சிரமம்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இதுவே மிகப் பெரிய சோதனை. நண்பகலில் வந்து பார்க்க உறவினர் எவருமில்லை எனில், கழிப்பிடத் தட்டும் படுக்கையும் தண்ணீரும் கொண்ட ஓர் அடைப்பைப் பல்கனியின் நிழலான பகுதியிலோ சமையலறை ஓரத்திலோ அமைக்கலாம். அதுவும் இயலாதெனில் நாய்க்குட்டி வளர்க்கும் எண்ணத்தைப் பிற்போடுவதே குட்டிக்குச் செய்யும் நன்மை.

அடியும் பாராட்டும்

பழக்குதலில் பெரும்பாலானோர் தவறுவது இங்குதான். உரிய இடத்தில் குட்டி கழித்து முடித்த மறுகணமே பாராட்ட வேண்டும். இனிய குரலும் முதுகில் ஒரு தடவலும் பிஸ்கட் துண்டொன்றும் போதும். வீட்டுக்குள் திரும்பி வந்தபின் கொடுக்கும் பிஸ்கட்டை, உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டி விளங்கிக்கொள்ளும். ஓரிரு விநாடிகளுக்குள் வரும் பாராட்டே அதன் மனதில் செயலோடு இணைகின்றது.

தண்டனைக்கும் இதே கணக்குத்தான். காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்பது குட்டிக்குத் தெரியாது. வீட்டுக்காரர் வாசலால் வரும் நேரம் ஆபத்தானது என்பதை மட்டுமே அது கற்கும். “செய்த குற்றம் அதற்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்கும்” என்று பலர் கூறுவதுண்டு. நியூயோர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைப் பரிசோதித்தது. உண்ண வேண்டாமெனத் தடுக்கப்பட்ட உணவை நாய் உண்டதா இல்லையா என்பது பற்றி உரிமையாளர்களுக்குச் சில வேளைகளில் தவறான தகவல் கொடுக்கப்பட்டது. நாய்களின் ‘குற்றமுள்ள முகம்’ அவை தவறு செய்தபோது கூடுதலாகத் தோன்றவில்லை. உரிமையாளர் ஏசியபோதே அது கூடுதலாகத் தோன்றியது. தவறேதும் செய்யாத நாய்களும் ஏச்சுக் கேட்டபோது அம்முகத்தையே காட்டின. நாம் குற்ற உணர்ச்சி எனக் கருதுவது, எம் கோபத்தைக் கண்ட அச்சமே.

மூக்கைத் தேய்ப்பதன் விளைவு இன்னும் மோசமானது. மனிதர் முன்னிலையில் கழிப்பது ஆபத்து எனக் குட்டி முடிவுசெய்துவிடும். அதன்பின் உரிய இடத்துக்குக் கொண்டுசென்றாலும் நாம் நிற்கும்வரை அது கழிக்காது. உள்ளே வந்ததும் கதிரையின் பின்னால் மறைந்து கழிக்கும். “வேண்டுமென்றே செய்கிறது” என்ற குற்றச்சாட்டு அப்போது எழுகின்றது. மறைந்து கழிக்கக் கற்பித்தவர் நாமே என்பது எமக்கு உறைப்பதில்லை. மேற்கூறிய குடும்பத்திலும் இதுவே நடந்தது.

பிழையான இடத்தில் கழித்துக்கொண்டிருக்கும்போது கண்டால், கையை மெதுவாகத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கி உரிய இடத்தில் விட்டு, அங்கு மீதியைக் கழித்தால் பாராட்டலாம். கழித்து முடிந்தபின் கண்டால், பேசாமல் துடைத்துவிட்டு, எந்த வேளையைத் தவறவிட்டோம் என்று சுவரில் உள்ள தாளைப் பார்ப்பதே செய்யத்தக்கது.

துப்புரவும் சுகாதாரமும்

கழித்த இடத்தில் மணம் எஞ்சியிருந்தால் குட்டி அங்கேயே மீண்டும் செல்லும். எமக்குத் தெரியாத மணமும் அதற்குத் தெரியும். எனவே ஈரத்தை முதலில் கடதாசியாலோ துணியாலோ ஒற்றியெடுத்து, சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவி, பின்னர் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து உலரவிடலாம். மணத்தை உண்டாக்கும் பொருளையே சிதைக்கும் நொதியங்கள் கலந்த திரவங்களும் செல்லப்பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கின்றன. அமோனியா கலந்த திரவங்களைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரிலும் அதே சாயல் மணம் இருப்பதால், அவை குட்டியை அவ்விடத்துக்கு மீண்டும் அழைக்கக்கூடும். பினோல் கலந்த கிருமிநாசினிகள் பாதங்களை நக்கும் குட்டிகளுக்கு நஞ்சாகலாம்.

சிறு வீட்டில் குழந்தைகளும் குட்டியும் ஒரே தரையில் புழங்குவதால் புழுத் தொற்று பற்றியும் அறிந்திருக்க வேண்டும். குட்டிகளின் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறுகின்றன. புதிய மலத்தில் உள்ள முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய அவற்றுக்குச் சிறிது காலம் தேவைப்படும். கழிவை அன்றன்றே அகற்றி, கழிப்பிடத் தட்டில் உள்ள மணலை அடிக்கடி மாற்றினால் இந்த ஆபத்துப் பெருமளவு நீங்கிவிடும். மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி புழு மருந்தைக் குட்டிப் பருவம் முதலே ஒழுங்காகக் கொடுத்துவருதலும், கழிவை அகற்றியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் இன்றியமையாதவை.

பழகிய குட்டி திடீரெனப் பழையபடி அசுத்தப்படுத்தத் தொடங்கினால் கோபத்துக்கு முன் வைத்தியரை நினைக்க வேண்டும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல், கழிக்கும்போது முனகுதல், சிறுநீரில் இரத்தம் தென்படுதல் என்பன சிறுநீர்ப்பாதைத் தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். விருந்தினரைக் கண்டதும் படுத்துக்கொண்டு சிறுநீர் சொட்டுவது பணிவினாலும் பரவசத்தினாலும் ஏற்படுவது. அதனை ஏசினால் அதிகரிக்கும், கவனியாது விட்டால் பெரும்பாலும் வயதோடு நீங்கிவிடும். ஐந்தாறு மாதத்தில் பருவமடையும் ஆண் குட்டி காலைத் தூக்கித் தளபாடங்களில் அடையாளமிடுவது வேறொரு விடயம். கருத்தடைச் சத்திரசிகிச்சை இதனைப் பல நாய்களில் குறைக்கின்றது.

மாடிப்படியும் அயலவரும்

தடுப்பூசிகள் நிறைவுற்றதும் குட்டியை வெளியே பழக்கத் தொடங்கலாம். பல்கனியில் இருந்து சிறிது மணலையோ புல்லையோ எடுத்துச் சென்று வெளியில் தெரிவுசெய்த இடத்தில் இட்டால் அது விரைவில் விளங்கிக்கொள்ளும். மாடிப்படியிலும் மின்தூக்கியிலும் குட்டியைத் தூக்கிச் செல்வதே நல்லது. பொலித்தீன் பை ஒன்றும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் எப்போதும் கையிலிருக்க வேண்டும்.

தொடர்மாடி என்பது பலர் ஒன்றாக வாழும் இடம். படியும் நடைபாதையும் மொட்டைமாடியும் எல்லோருக்கும் பொதுவானவை. தொடர்மாடி வீடுகளின் உரிமை தொடர்பான 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பகுதிகளைத் தனி வீடுகளில் இருந்து வேறுபடுத்தியே நோக்குகின்றது. குட்டியை வாங்குமுன் தமது தொடர்மாடியின் விதிகள் நாய் வளர்க்க இடமளிக்கின்றனவா என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கடமை உண்டு. எமது நாட்டு முஸ்லிம்களுள் மிகப் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி, நாயின் ஈரம் பட்ட இடத்தையும் ஆடையையும் ஏழு தடவைகள், அவற்றுள் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். சுபஹ் தொழுகைக்காக வுழூ செய்துகொண்டு படியிறங்கும் அயலவர் ஒருவருக்குப் படியிலுள்ள ஈரம் எத்தகைய சங்கடத்தை ஏற்படுத்தும் என்பதை நாய் வளர்ப்போர் உணர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவி, சுவாமி அறைக்கு விளக்கேற்றும் இந்துக் குடும்பத்துக்கும் அச்சங்கடம் வேறுபட்டதன்று. சுத்தம் பேணும் இவ்விரு மரபுகளிலும் நாயின் மீதான இரக்கமும் உண்டு. தாகத்தால் வருந்திய நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு இறைவனின் மன்னிப்புக் கிடைத்ததை நபிமொழி கூறுகின்றது. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனை மகாபாரதம் காட்டுகின்றது. வளர்ப்பவர் பொறுப்போடு நடந்தால் சுத்தமும் இரக்கமும் ஒரே படிக்கட்டில் ஒன்றாகவே செல்ல முடியும்.

கைவிடப்பட்ட குட்டி எங்கே போகிறது?

பழக்க இயலாதென விடப்படும் குட்டி காற்றில் கரைந்து போவதில்லை. பசியிலும் வாகனங்களிலும் தப்பினால் அது தெருநாயாகி, தடுப்பூசியின்றிப் பெருகும். விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்ய 1901 ஆம் ஆண்டிலும் கட்டளைச் சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. 1973 ஆம் ஆண்டில் 377 பேர் அந்நோயால் உயிரிழந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியும் கடியுண்டவர்களுக்கான சிகிச்சையும் பரவலானதை அடுத்து அத்தொகை பின்னர் இரட்டை இலக்கத்துக்கு வீழ்ச்சியடைந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 2006 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதலிடம் வழங்கப்பட்டது. தெருவில் விடப்படும் ஒவ்வொரு குட்டியும் இந்த நீண்ட முயற்சியை ஓரடி பின்னுக்குத் தள்ளுகின்றது. எம் வீட்டுப் பிரச்சினையை நாம் தெருவில் கொண்டுபோய் விடுகின்றோம். அத்தெருவால் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை அதற்கான விலையைச் செலுத்த நேரிடலாம்.

நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்ட குட்டி தெருவுக்குச் செல்லவில்லை. மிருக வைத்தியர் ஒருவரின் அறிவுரைப்படி அக்குடும்பத்தினர் பல்கனி மூலையில் மணல் தட்டு வைத்தனர். சுவரில் தாள் ஒட்டினர். அடிப்பதை நிறுத்தினர். தந்தையார் கீழ் வீட்டாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, படிகளைத் தாமே கழுவிக் கொடுத்தார். முதல் இரு வாரங்களில் பெரிய மாற்றமேதும் தெரியவில்லை. ஆறாம் வாரமளவில் குட்டி பல்கனிக் கதவைத் தானே சுரண்டத் தொடங்கியது. காலை ஐந்தரைக்கு எழும்பும் பழக்கம் அதற்குள் தந்தையாருக்கும் வந்துவிட்டிருந்தது.

பழக்குதல் என்று நாம் அழைப்பதில் நாய் கற்பது சிறு பகுதியே. நேரந்தவறாமை, பொறுமை, கோபத்தை அடக்குதல், அயலவரை மதித்தல் என எஞ்சிய பெரும்பகுதி மனிதர் கற்க வேண்டியது. இவற்றுக்குத் தயாராக உள்ள வீடு எவ்வளவு சிறியதாயினும் அதில் ஒரு நாய்க்குட்டிக்கு இடமுண்டு. அடுத்த பரீட்சைப் பெறுபேறு வெளிவரும்போது பிள்ளைக்கு நாய்க்குட்டியொன்றை வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோர், சுவரில் ஒட்டப்போகும் தாளை முதலில் எழுதிப் பார்ப்பார்களாக. அதில் எல்லா வேளைகளுக்கும் எதிரே ஒரு பெயரை எழுத முடிந்தால் மட்டும் குட்டியை வீட்டுக்கு அழைத்து வரலாம்.